கொல்லைக் கோழியும் வீட்டுப் பூனையும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

சம்பா அறுவடை முடிந்து, களத்துமேட்டிலும் தாள் வயலிலும் சிதறிக்கிடக்கும் நெல்லைக் கோழிகள் பொறுக்கத் தொடங்கும் இந்தப் பருவத்தில், காவிரிப் படுகையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோழிச் சீக்கைப் பற்றியே இருந்தன. அவற்றோடு பூனை வளர்ப்போரின் கடிதங்களும் சில சேர்ந்திருந்தன. கோழிக்கு வரும் வைரஸ் வேறு, பூனைக்கு வரும் வைரஸ் வேறு என்றாலும், உடல் அவற்றை எதிர்கொள்ளும் முறையில் ஒற்றுமைகள் பல உள்ளதால், இரண்டையும் இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: கடந்த ஆண்டு மாசி மாதம் எங்கள் ஊரில் நடந்த கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் என் கோழிகள் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். நான்காம் நாளே இரண்டு பெட்டைக் கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகிச் செத்துப்போயின. மற்றவை பிழைத்துக்கொண்டன. ஆனால் சித்திரையில் பொரித்த குஞ்சுகள், ஒரு மாதம் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்துவிட்டு, மொத்தமாகப் போய்விட்டன. ஊசி போட்டதால்தான் இவ்வளவும் வந்தது என்று என் மாமியார் சொல்கிறார். இந்த ஆண்டு முகாமுக்குக் கொண்டுபோகலாமா, வேண்டாமா?
— ஒரு வாசகி, திருவையாறு

பதில்: அவசியம் கொண்டுபோங்கள். அதே சமயம், மாமியாரின் சொல்லை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஊசி போட்ட நான்காம் நாள் கோழி செத்ததைக் கண்ணால் பார்த்தவர், இரண்டையும் முடிச்சுப் போடுவது இயல்புதான். அந்தக் கோழிகள் ஏன் செத்தன, குஞ்சுகள் ஏன் செத்தன என்பதற்கு இரு வேறு காரணங்கள் உண்டு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லப்படும் இந்த நோய் இராணிக்கெட் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் கண்டறியப்பட்டு, அதன் பின் ஓரிரு ஆண்டுகளிலேயே இமயமலை அடிவாரத்து குமாவுன் பகுதியிலுள்ள இராணிக்கெட்டில் காணப்பட்டதால், இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. வைரஸ் உடலில் புகுந்ததிலிருந்து அறிகுறி வெளியே தெரிய இரண்டு நாள் முதல் பதினைந்து நாள்வரை ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாள்கள் ஆகும். தடுப்பூசி போட்டபின், கிருமியை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருளை உடல் போதிய அளவு உருவாக்கிக்கொள்வதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். நான்காம் நாளில் செத்த உங்கள் பெட்டைகள், முகாமுக்கு வரும்போதே வைரஸைச் சுமந்துகொண்டு வந்திருக்க வேண்டும், அல்லது பல வீட்டுக் கோழிகள் ஒரே இடத்தில் பையிலும் கூடையிலும் நெருக்கிவைக்கப்பட்ட அந்த நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது காரணம் உண்மையில் நடக்கக்கூடியதே. ஆகவே வீட்டில் ஒரு கோழி சோர்ந்திருந்தாலும், பக்கத்து வீட்டில் கழிச்சல் இருந்தாலும், அதை முகாமில் சொல்லிவிடுங்கள். நலமாக உள்ள கோழிகளை மட்டும், வீட்டுக்கு வீடு தனித்தனிக் கூடையில் கொண்டுபோங்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுவதும் நல்லது. குடற்புழுவும் பட்டினியும் உள்ள உடலில் தடுப்பூசி முழுப் பலன் தருவதில்லை.

இனி குஞ்சுகள். தாய்க்கோழியின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் முட்டையின் மஞ்சள் கருவில் சேர்ந்து, அதன் வழியே குஞ்சின் உடலுக்குள் போகிறது. ஊசி போட்ட தாய்க்குப் பிறந்த குஞ்சுகள் முதல் சில நாள்களில் கழிச்சலுக்குத் தப்பிவிடுவது இதனால்தான். ஆனால் அது குஞ்சு தானே உருவாக்கியது அன்று. கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்று நாம் கேட்பது போல, அந்த எதிர்ப்பொருளும் சில நாள்களுக்கொருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, மூன்று நான்கு வாரங்களில் இல்லாமலே போய்விடுகிறது. உங்கள் குஞ்சுகள் ஒரு மாதம் ஓடியாடிவிட்டு விழுந்த கணக்கு இதனோடு சரியாகப் பொருந்துகிறது. தாய் கொடுத்தது தீர்ந்துவிட்டது. சொந்தமாக உருவாக்கிக்கொள்வதற்கு வழியும் இல்லை, ஏனென்றால் மாசியில் நடந்த முகாமின்போது அவை பிறக்கவே இல்லை.

ஆண்டுக்கொருமுறை நடக்கும் முகாமை மட்டும் நம்பியிருந்தால் இந்த இடைவெளி எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும். கொல்லையில் கோழி வளர்க்கும் வீடுகளில் ஆண்டு முழுவதும் அடைவைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள் அல்லவா? பொரித்த ஏழாம் நாள் வாக்கில், எஃப் அல்லது லசோட்டா என்னும் மென்மையான வகைத் தடுப்புமருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு விட வேண்டும். கண்ணின் பின்புறமுள்ள ஒரு சுரப்பி கோழிக்கு முக்கியமான எதிர்ப்பு உறுப்பு. ஆகவே கண்ணில் விடும் சொட்டு, வைரஸ் நுழையும் வாசலான கண், மூக்கு, தொண்டைப் பகுதியிலேயே ஒரு காவலை எழுப்பிவிடுகிறது. நான்காம் வாரத்தில் இதை மீண்டும் ஒருமுறை கொடுத்து, எட்டாம் வாரத்தில் ஆர்2பி ஊசியை இறக்கைக்கு அடியில் போட வேண்டும். முகாம்களில் போடப்படுவது இந்த ஆர்2பிதான். இது வீரியம் சற்று அதிகமான வகை என்பதால், ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளுக்குப் போட்டால் அதுவே கால் விழுந்து போவதற்குக் காரணமாகிவிடலாம். மாமியாருக்கு இதையும் சொல்லுங்கள். அவரது அச்சத்தில் நியாயமுள்ள இடம் இது ஒன்றுதான்.

சொட்டு மருந்து வாங்குவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு குப்பியில் நூறு குஞ்சுகளுக்கான மருந்து இருக்கும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் எப்படி வாங்குவார்? நான் கிராமங்களில் வலியுறுத்திவருவது இது: ஒரு தெருவில் ஐந்தாறு வீட்டார் பேசிவைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் அடைவைத்தால், எல்லாக் குஞ்சுகளும் ஒரே வாரத்தில் பொரியும்; ஒரு குப்பியைப் பனிக்கட்டியோடு வாங்கிவந்து அன்றே எல்லோரும் விட்டுவிடலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உள்ள ஊர்களில் இதைச் செய்வது எளிது. குளிர்ச்சி கெட்ட மருந்தைப் போடுவதும் வெறும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான். இதற்கு மாற்றாக, தீவனத்தோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்புமருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அது கிடைக்குமா என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கழிச்சல் வந்தபின் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செத்த கோழியை வாய்க்காலில் வீசுவது, அடுத்த ஊருக்கு நோயை அனுப்பிவைப்பதாகும். படுகையில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், மேடான இடமாகப் பார்த்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளிக் குழி வெட்டி, சுண்ணாம்பைப் போட்டுப் புதையுங்கள். சாகும் நிலையிலுள்ள கோழியை அவசரமாக அறுத்து, இறகையும் குடலையும் குப்பைக்குழியில் போடும் பழக்கமும் நோய் பரவுவதற்குப் பெரிய காரணம்.

கேள்வி: முந்நூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கொட்டகையில் வளர்த்தேன். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். நான்காம் வாரத்தில் குடிநீரிலும் கலந்து கொடுத்தேன். அப்படியிருந்தும் ஏழாம் வாரத்தில் கழிச்சல் வந்து பாதிக்கு மேல் செத்துவிட்டன. அறுத்துப் பார்த்த மருத்துவர், முன்பே கம்போரோ என்னும் வைரஸ் நோய் வந்துபோயிருக்கிறது, அதனால்தான் மருந்து பிடிக்கவில்லை என்றார். கம்போரோவுக்கும் கழிச்சலுக்கும் என்ன தொடர்பு?
— ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: அந்த மருத்துவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாக இருக்கக்கூடியது, கோழியின் எதிர்ப்பாற்றல் எங்கே விளைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அது விளங்கும்.

கோழியின் கழிவுத் துவாரத்துக்குச் சற்று மேலே, முதுகுப்புறமாக, சிறு பை ஒன்று உண்டு. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறியல் கற்பித்த ஃபேப்ரீசியஸ் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் இது எதற்காக இருக்கிறது என்றே யாருக்கும் விளங்கவில்லை. அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்னும் ஆராய்ச்சி மாணவர் இந்தப் பையைக் குஞ்சிலேயே அகற்றிவிட்டு வளர்த்த கோழிகள், பின்னர் வேறொரு சோதனைக்காகக் கிருமி ஊசி போடப்பட்டபோது எதிர்ப்பொருளே உருவாக்காமல் போனதைக் கண்டார். 1956இல் அந்த முடிவு கோழியின ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. எதிர்ப்பொருளைச் சுரக்கும் வெள்ளணுக்கள் கோழியில் அந்தப் பைக்குள்தான் முதிர்ச்சி அடைகின்றன என்பது அதன்பின் உறுதியாயிற்று. மனித உடலிலுள்ள அதே வகை அணுக்களைப் பற்றிய மருத்துவமும் இந்தக் கோழி ஆய்விலிருந்தே கிளைத்தது என்பதைக் கோழி வளர்ப்போர் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

கம்போரோ வைரஸ் குறிபார்த்துத் தாக்குவது இந்தப் பையிலுள்ள அணுக்களைத்தான். மூன்று முதல் ஆறு வார வயதில் வந்தால், குஞ்சுகள் வெண்மையாக நீர்போலக் கழிந்து, இறகு சிலிர்த்துக் கூனி உட்காரும். அறுத்துப் பார்த்தால் தொடைச் சதையில் இரத்தத் திட்டுகள் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டால் வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம். அதுதான் கொடுமை: குஞ்சு நலமாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் பை சுருங்கிவிட்டிருக்கும். அதன்பின் எத்தனை முறை தடுப்புமருந்து கொடுத்தாலும், அதை ஏற்றுப் பதில் சொல்ல வேண்டிய அணுக்கள் உடலில் போதிய அளவு இருப்பதில்லை. நீங்கள் நான்காம் வாரத்தில் கொடுத்த மருந்து நல்ல மருந்தாகவே இருந்திருக்கலாம்.

கம்போரோ வைரஸ் வெயிலுக்கும் சாதாரணக் கிருமிநாசினிக்கும் எளிதில் அடங்காது. கொட்டகையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே பழைய கூளத்தை முழுவதுமாக அகற்றி, தரையையும் சுவரையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டபின் கிருமிநாசினி தெளித்து, சில வாரங்கள் காலியாக விட்டு, அடுத்த குஞ்சுகளை இறக்குங்கள். இரண்டாம் வார முடிவில் கம்போரோ தடுப்புமருந்தும், பத்து நாள் முதல் இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் கொடுக்க வேண்டும். சரியான நாளை உங்கள் குஞ்சுகளின் தாய்க்கோழிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்பதை வைத்தே மருத்துவர் தீர்மானிப்பார். தாய்வழி எதிர்ப்பொருள் அதிகமாக இருக்கும் நாளில் கொடுத்த மருந்தை அந்த எதிர்ப்பொருளே அழித்துவிடும், மிகத் தாமதித்தாலோ நோய் முந்திக்கொள்ளும். குடிநீரில் கலப்பதானால், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. லிட்டருக்கு ஐந்து கிராம் அளவு கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்துவிட்டு மருந்தைக் கலந்து, காலை வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்குமாறு வையுங்கள். அடுத்த முறை குஞ்சுகள் செத்தால் காத்திருக்காமல், செத்த அன்றே ஒன்றிரண்டைப் பனிக்கட்டியோடு கட்டி, உங்கள் ஊரிலேயே 2012 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றுவிடுங்கள். இவ்வளவு அருகில் அந்த வசதி கிடைப்பது பலருக்கு வாய்க்காத ஒன்று.

கேள்வி: கோழிகளுக்குக் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் அம்மைக் கொப்புளம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் போதுமா? குழந்தைகளுக்குத் தொற்றுமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கோழி அம்மை மனிதருக்குத் தொற்றாது, குழந்தைகளுக்கு வரும் அம்மைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேப்பிலையும் மஞ்சளும் வைரஸைக் கொல்லப்போவதில்லை. ஆனால் புண்ணில் சீழ் பிடிக்காமல் காக்க உதவும் என்பதால் தாராளமாகப் பூசலாம். தோலோடு நின்றால் மூன்று நான்கு வாரங்களில் பொருக்கு உதிர்ந்துவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் நிறப் படலம் படர்ந்தால் கோழி மூச்சடைத்துச் சாகும், அதற்கு மருத்துவரிடம் போங்கள். கண் மூடிக்கொண்ட கோழி பட்டினியாலேயே செத்துவிடுகிறது. கையால் இரையும் தண்ணீரும் ஊட்டினால் பல பிழைக்கும். பரப்புவது பெரும்பாலும் கொசு; ஆகவே பஞ்சாரத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். பாதிக்கப்படாத கோழிகளுக்கு அம்மைத் தடுப்பூசி உண்டு.

கேள்வி: எங்கள் வீட்டுத் திண்ணையில் குட்டி போட்ட பூனையை நாங்களே வளர்த்துவந்தோம். குட்டிகள் மூன்றும் மூன்று மாதம் ஆனபோது வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி குடிக்காமலே உட்கார்ந்திருந்து, அடுத்தடுத்து இறந்துவிட்டன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தாரோடு மனத்தாங்கலே வந்துவிட்டது. கடைசிக் குட்டியின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறைவு என்று சொன்னார்கள். தாய்ப்பூனைக்கு ஒன்றுமே ஆகவில்லை. வேறு குட்டி வளர்க்கலாமா? என் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மூன்று குட்டிகளையும் ஒரே வாரத்தில் இழந்த உங்கள் மகளுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள். நீங்கள் விவரித்திருப்பது விஷத்தைவிட, பூனைகளுக்கு வரும் பான்லூகோபீனியா என்னும் வைரஸ் நோயோடுதான் முழுவதும் ஒத்துப்போகிறது. தாகத்தோடு தண்ணீருக்கருகே போய், குடிக்க முடியாமல் தலை தொங்கி உட்கார்ந்திருப்பது இந்த நோயில் நான் பலமுறை கண்ட காட்சி.

இந்த வைரஸ், நாய்களைக் கொல்லும் பார்வோ வைரஸின் நெருங்கிய உறவு. 1970களின் பிற்பகுதியில் நாய்ப் பார்வோ உருவானதே இந்த வகை வைரஸிலிருந்துதான் என்று கருதப்படுகிறது. வேகமாகப் பிரிந்து பெருகும் அணுக்களில் மட்டுமே இதனால் பெருக முடியும். உடலில் அப்படிப் பெருகிக்கொண்டே இருப்பவை குடலின் உட்சுவர் அணுக்களும், வெள்ளணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மச்சையும். ஒரே நேரத்தில் குடற்சுவர் உரிந்து கிருமிகள் இரத்தத்துக்குள் புகும் வழி திறக்கிறது. அவற்றைத் தடுக்க வேண்டிய வெள்ளணுக்களோ இல்லாமற்போகின்றன. குட்டிகள் அவ்வளவு விரைவாகச் சாவது இதனால்தான். உடனே சேர்த்து, நரம்பு வழியாக நீரேற்றி, வாந்தியை அடக்கி, உட்புகும் பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் சில பிழைக்கும். ஐந்தாறு நாள்களைக் கடந்துவிட்ட குட்டிக்கு வெள்ளணுக்கள் மீண்டும் ஏறத் தொடங்கிவிடும்.

தாய்ப்பூனை தப்பியதில் வியப்பில்லை. தெருவில் வளர்ந்த அது எப்போதோ இந்த நோயைக் கண்டு மீண்டிருக்கும். ஒருமுறை மீண்ட பூனைக்கு எதிர்ப்பாற்றல் நெடுங்காலம் நிற்கும். அந்த எதிர்ப்பொருளைத்தான் பிறந்த முதல் நாளில் சீம்பால் வழியாகக் குட்டிகளுக்குக் கொடுத்தது. கோழிக்குஞ்சுக்கு மஞ்சள் கரு செய்வதைப் பூனைக்குட்டிக்குச் சீம்பால் செய்கிறது. கோழியில் மூன்று நான்கு வாரத்தில் தீர்வது, பூனையில் எட்டு வாரம் முதல் பதினாறு வாரம்வரை நீடிக்கலாம், அதுவும் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே வேறுபடலாம். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தீரும் என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதால்தான், ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை திரும்பவும் போட்டு, பதினாறு வாரத்துக்குப்பின் ஒன்றாவது கட்டாயம் விழுமாறு பார்த்துக்கொள்கிறோம். பலரும் முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். தாயின் எதிர்ப்பொருள் அந்த முதல் ஊசியை வீணாக்கியிருந்தால், குட்டி ஊசி போடாத குட்டிக்குச் சமம். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் ஒரு முறை போட்டபின், மூன்றாண்டுக்கொருமுறை போதும். இதே ஊசியில் பூனைகளின் சளிக் காய்ச்சலுக்குக் காரணமான ஹெர்பீஸ், கலிசி வைரஸ்களுக்கான மருந்தும் சேர்ந்தே இருக்கும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி தனி. பூனைக்கு அதையும் மூன்று மாதத்தில் போட்டுவிட வேண்டும்.

புதுக் குட்டியைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். இந்த வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டுவரைகூடத் தங்கக்கூடியது. குட்டிகள் படுத்த சாக்கையும் துணியையும் எரித்துவிடுங்கள். தரை, கிண்ணம், செருப்பு ஆகியவற்றை முதலில் சோப்பு நீரால் கழுவி, பின்னர் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடையுங்கள். சானிடைசர் இதற்குப் பயன்படாது. வீட்டில் வழக்கமாக ஊற்றும் ஃபீனால் வகைத் திரவங்கள் பூனைக்கே நஞ்சு. திண்ணையின் மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது என்பதால், இனி வரும் பூனை, தடுப்பூசி வரிசை முழுவதும் முடிந்து இரண்டு வாரம் கடந்த, நான்கைந்து மாதக் குட்டியாகவோ வளர்ந்த பூனையாகவோ இருக்கட்டும். தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஈற்றிலும் இதே துயரம்தான் வரும்.

கேள்வி: என் பத்து மாதப் பூனைக்குச் சில வாரங்களாகக் காய்ச்சல் இறங்கவே இல்லை, வயிறு வீங்கிக்கொண்டே போனது. எடுத்த நீர் மஞ்சளாக, இழுத்தால் நூல் விடுவதாக இருந்தது. கொரோனா வைரஸ் என்கிறார்கள். ஆனால் எதிர்ப்பொருள் அளவு மிக அதிகம் என்றும் அறிக்கை வந்திருக்கிறது. எதிர்ப்பொருள் அதிகமிருந்தால் நல்லதுதானே? வீட்டில் வேறு இரண்டு பூனைகளும், வயதான என் தாயாரும் இருக்கிறார்கள்.
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: தாயாரைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். இது கோவிட் நோயின் வைரஸ் அன்று, மனிதருக்குத் தொற்றாது.

பூனைகளின் குடலில் வாழும் கொரோனா வைரஸ் மிகச் சாதாரணமானது. பல பூனைகள் சேர்ந்திருக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இருக்கும், சிறு கழிச்சலோடு போய்விடும். மிகச் சில பூனைகளில், பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்டவற்றில், அந்த வைரஸ் உடலுக்குள்ளேயே திரிந்து, குடலை விட்டு இரத்தத்திலுள்ள விழுங்கணுக்களில் பெருகும் வல்லமையைப் பெற்றுவிடுகிறது. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய அணுவே கிருமியைச் சுமந்து உடலெங்கும் கொண்டுபோகிறது. தொற்றும் வயிற்றுறை அழற்சி என்று 1960களிலிருந்து அறியப்படும் இந்த நோயில், எதிர்ப்பொருள் மட்டும் காப்பாற்றுவதில்லை. எதிர்ப்பொருள் ஒட்டிய வைரஸ், விழுங்கணுவுக்குள் இன்னும் எளிதாகப் புகுந்ததை ஆய்வகச் சோதனைகளில் கண்டார்கள். எதிர்ப்பொருள் முன்பே இருந்த பூனைகள் சோதனையில் விரைவாக நோயுற்றன. வைரஸும் எதிர்ப்பொருளும் சேர்ந்த திரள்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரில் அழற்சியை எழுப்ப, புரதம் மிகுந்த நீர் வயிற்றுக்குள் கசிகிறது. நீங்கள் பார்த்த நூல் விடும் மஞ்சள் நீர் அதுதான். நோயை அடக்கவல்லது, தொற்றுண்ட அணுக்களையே தேடி அழிக்கும் வெள்ளணுக்களின் வேலை; அது வலுவாக எழுந்த பூனைக்கு நோயே வெளிப்படுவதில்லை. எனவே உங்கள் கையிலுள்ள அறிக்கை, பூனை இந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. பூனை தப்பும் என்றோ, நோய் இதுதான் என்றோ அதைக்கொண்டு முடிவுகட்ட முடியாது. வயிற்று நீரின் புரத அளவு, அதில் வைரஸ் மரபணு இருக்கிறதா என்னும் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நோய் என்றால் பூனையை வலியில்லாமல் வழியனுப்பச் சொல்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருந்ததில்லை. 2019இல் கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர், ஜி.எஸ்.441524 என்னும் மருந்தை இயற்கையாக நோய் கண்ட 31 பூனைகளுக்குக் கொடுத்து வெளியிட்ட முடிவு அதை மாற்றிவிட்டது: 26 பூனைகள் 12 வார சிகிச்சையை முடித்தன, பெரும்பாலானவை நலமடைந்தன. கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர், உடலுக்குள் போய் இந்த மருந்தாகவே மாறுவது. ஆகவே நம்பிக்கையை விடாதீர்கள். ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். மருந்தின் அளவு பூனையின் எடைக்கேற்ப வாராவாரம் மாறும், கண்ணிலோ மூளையிலோ நோய் இருந்தால் அளவு கூடும். இணையத்தில் வாங்கி நீங்களே கொடுக்காமல், இந்த சிகிச்சையில் பழக்கமுள்ள மருத்துவரின் மேற்பார்வையில் கொடுங்கள். வயிற்று நீரைத் தேவையின்றி அடிக்கடி எடுக்க வேண்டாம். மூச்சு முட்டினால் மட்டும் எடுக்கலாம்.

மற்ற இரண்டு பூனைகளுக்கு, திரிந்த வைரஸ் பொதுவாக ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதில்லை. 2023இல் சைப்ரஸ் தீவில் தாவக்கூடிய வகை ஒன்று பரவியது விதிவிலக்கு. குடலில் உள்ள சாதாரண வைரஸ் மலத்தின் வழியே பரவும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி மணல் தட்டு வைத்து, நாள்தோறும் அள்ளிவிடுங்கள்.

கேள்வி: கழிச்சல் வந்த கோழிகளைக் கையாண்ட பிறகு என் கண் சிவந்து நீர் வடிகிறது. அதனால் வந்ததா?
— ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வந்திருக்கலாம். இராணிக்கெட் வைரஸோ, தடுப்புமருந்துச் சொட்டோ கண்ணில் பட்டால் சிலருக்கு ஒரு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும் கண் அழற்சி வருவதுண்டு. கண்ணைக் கசக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டும்போது கோழிகளைக் கையாண்டதைச் சொல்லுங்கள். காய்ச்சலும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் பூனை வயலோரம் செத்துக் கிடந்த வாத்து ஒன்றைத் தின்றுவிட்டது. கோடியக்கரைக்கு வெளிநாட்டுப் பறவைகள் வரும் காலம் இது. பறவைக் காய்ச்சல் பூனைக்கும் வருமா? கறிக்கடைக் கோழிக் கழிவைப் பச்சையாகப் போடுகிறோம், அதுவும் தவறா?
— ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: வரும். கோழிக்கு வரும் வைரஸ் பூனைக்கு வராது என்ற பொது விதிக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் பெரிய விதிவிலக்கு. 2004இல் தாய்லாந்தில் பச்சைக் கோழி இறைச்சி தின்ற புலிகளும் வீட்டுப் பூனைகளும் இறந்தன. 2024இல் அமெரிக்கப் பால் பண்ணைகளில், நோயுற்ற மாடுகளின் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் இறந்தன. அதே ஆண்டின் இறுதியில் நாகபுரியிலுள்ள கோரேவாடா மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இந்த நோயால் இறந்தன. பூனை இனத்தின் நுரையீரலிலும் மூளையிலும் இந்த வைரஸ் எளிதாகப் பற்றிக்கொள்கிறது. எதிர்ப்பாற்றல் எழுவதற்குள் அது பரவிவிடுகிறது.

அதற்காகச் செத்த ஒவ்வொரு வாத்தும் இந்த நோயால் செத்தது என்று எண்ணிவிடக் கூடாது. வாத்து பிளேக், பூச்சிமருந்து தெளித்த வயலில் மேய்தல், வெயில் என்று வேறு காரணங்கள் பல. வலசைப் பறவைகளைக் குற்றம் சொல்லி அவற்றை விரட்டுவதும் தவறு. அறுவடை முடிந்த வயல்களில் ஊர் ஊராக மேயும் வாத்துக் கூட்டங்கள், வைரஸ் இருந்தும் நோய் வெளித்தெரியாமல் சுமக்கக்கூடியவை என்பதால், உங்கள் கோழிகளையும் பூனையையும் அந்த வயல்களுக்குப் போகவிடாமல் தடுப்பதே நம் கையில் உள்ளது.

பூனையைப் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். இரை எடுக்காமை, காய்ச்சல், மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தூக்காதீர்கள். குழந்தைகளைத் தள்ளிவைத்துவிட்டு, கால்நடை மருத்துவருக்குச் செய்தி சொல்லுங்கள். ஊரில் கோழியோ வாத்தோ காக்கையோ கூட்டமாகச் சாவதைக் கண்டால், தொடாமல், கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தெரிவித்துவிடுங்கள். மாதிரிகள் போபாலிலுள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனத்துக்குப் போய் உறுதியானால்தான் நோய் இன்னதென்று அறிவிப்பார்கள்; அதுவரை வதந்தியை நம்பிக் கோழியை அவசரமாக விற்றுத் தள்ளுவதால், நோய் இருந்தால் அது சந்தை வழியே பரவும், இல்லாவிட்டால் நட்டம் உங்களுக்கு.

கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பச்சை இறைச்சியில் பறவைக் காய்ச்சல் வைரஸ் மட்டுமன்றி, குடலைக் கெடுக்கும் பாக்டீரியாக்களும் ஒட்டுண்ணிகளும் இருக்கும். நன்றாக வேகவைத்துவிட்டால் இவை எல்லாமே அழிந்துவிடும். உப்பும் மசாலாவும் சேர்க்காமல், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சென்பதால் அவற்றையும் போடாமல், தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க வேகவைத்து, எலும்பை நீக்கி, ஆறியபின் சோற்றோடு பிசைந்து வையுங்கள்.